வெள்ளிக்கிழமைத் தலைவலி

அம்மாவுக்கு எந்த நாளில் தலைவலி வரும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. அப்பா லாரி டிரைவர். வடக்கு லைன் போனால் திரும்பி வரப் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். வீட்டை நடத்தியது அம்மாதான். வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுவார். வாசல் தெளித்து, வீடு கழுவி, சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிப்பார். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாயில் ஒரு வாய் காப்பிகூட ஊற்றாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போவார். திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும். பத்து, பதினொரு மணிக்கு நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஆரம்பிச்சிருச்சு கண்ணு" என்பார்.

அதற்கப்புறம் ஜன்னல் சாத்தப்படும். ரேடியோ நிறுத்தப்படும். காலையில் ஆசையாக வைத்த மல்லிகைப் பூவைப் பிடுங்கி வெளியே போட்டுவிடுவார். "பூ வாசமே ஆகல, தலையில வச்சா கல்லு வச்ச மாதிரி கனக்குது" என்பார். சுக்கை இழைத்து நெற்றியில் பத்து. அதற்கு மேல் இறுக்கி ஒரு துணிக்கட்டு. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்: "ஈரத் தலையோட போனா நீர் கோத்துக்காம என்ன பண்ணும்?"

நீர்க்கோவை. இந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் வீட்டின் முப்பது வருடத் தலைவலி அடங்கியிருந்தது. அது முழுக்கத் தப்பான வார்த்தை இல்லை, முழுக்கச் சரியானதும் இல்லை என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆனது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். நான் மருத்துவன் இல்லை, ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன். படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மாவிடமிருந்து எனக்கு

கல்லூரி இரண்டாம் வருடத்தில் எனக்கும் ஆரம்பித்தது. இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, மூக்கு அடைத்து, கண்ணில் தண்ணீர் வரும். எங்கள் தலைமுறையில் நீர்க்கோவைக்குப் பேர் மாறிவிட்டது, சைனஸ். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷனும் ஆயிற்று. ஐந்து மாதம் நன்றாக இருந்தது. ஆறாவது மாதம், அதே இடது கண், அதே வலி.

இது என் ஒருவன் கதை இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், "எனக்கு சைனஸ் தலைவலி" என்று சொன்னவர்கள், அல்லது மருத்துவரே அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் என 2,991 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. அதாவது பத்தில் ஒன்பது பேர், கிட்டத்தட்ட.

அப்போ மூக்கில் நீர் வருவது? அது பொய்யா? இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முகத்தின் உணர்ச்சியை எல்லாம் மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற நரம்பு. அதற்கு மூன்று கிளைகள். ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல் பல்வரிசைக்கும், ஒன்று தாடைக்கு. மூளைக்குள் வலி உணர்கிற நரம்பு கிடையாது. ஆனால் மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்கும் அதில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும் இதே ட்ரைஜெமினல்தான் போகிறது. மைக்ரேனில் இந்த நரம்பு விழித்துக்கொள்ளும்போது, கண்ணீர்ச் சுரப்பியையும் மூக்கின் சவ்வையும் இயக்குகிற இன்னொரு நரம்புப் பாதையும் கூடவே தூண்டப்படுகிறது. மூக்கு ஒழுகுகிறது, கண் கலங்குகிறது, முகம் பாரமாகிறது.

ஆக, அத்தை கண்ணால் பார்த்தது நிஜம். நீர் இருந்தது. ஆனா நீர் வந்ததால் தலைவலி வரவில்லை. தலைவலி வந்ததால்தான் நீர் வந்தது. காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். அந்த இடமாற்றம்தான் என் மூக்கை ஆபரேஷன் மேசை வரைக்கும் கொண்டுபோனது.

நிஜமான சைனஸ் அழற்சி வேறு மாதிரி இருக்கும். காய்ச்சல், மஞ்சளாக அல்லது பச்சையாகக் கெட்டியான சளி, வாசனை தெரியாமல் போவது. அது சில நாள், சில வாரம் இருந்து போகும். மாதாமாதம் வந்து ஒரு நாள் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடாது.

அந்த வெள்ளிக்கிழமையில் என்னதான் இருந்தது?

தலைக்குக் குளித்தால் தலைவலி வருவது வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் பெரிதாகக் கிடையாது. அதை எழுதி வைத்தது நம் நாட்டு மருத்துவர் ஒருவர். மும்பையில் தலைவலிக்கென்றே மருத்துவம் பார்க்கும் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பது மைக்ரேனைக் கிளப்புகிறது என்று சொன்ன 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் ‘செஃபலால்ஜியா’ என்ற ஆய்விதழில் எழுதினார். நீண்ட கூந்தல், வாரத்தில் குறிப்பிட்ட நாளில் தலைக்குக் குளிக்கிற வழக்கம், ஈரம் காய நேரமாவது இவையெல்லாம் நம் ஊர் வாழ்க்கை. அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஈரத் துண்டு ஞாபகம் வந்தது.

ஆனால் குளியல் மட்டும்தானா? அம்மாவின் வெள்ளிக்கிழமையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

தூக்கம் ஒன்றரை மணி நேரம் குறைவு. தலைக்குளியல், ஈரத் தலை. வெறும் வயிறு. தினமும் விடிகாலையில் இரண்டு டம்ளர் காப்பி குடிக்கிற உடம்புக்கு அன்றைக்குக் காப்பி இல்லை. (தினமும் காப்பி குடிப்பவர் நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி வரலாம் என்பது தனியாகப் பெயர் வைத்து வகைப்படுத்தப்பட்ட விஷயம்.) அப்புறம் கோயிலில் சாம்பிராணி, கற்பூரப் புகை. வரும் வழியில் முகத்துக்கு நேரே வெயில்.

எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், இது ஓவர்லோடு. நாமக்கல்லில் லாரியைத் தெரியாதவர் யார்? பதினாறு டன் ஏற்றுகிற வண்டியில் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பட்டை உடையும். கடைசியாக ஏற்றிய மூட்டைதான் காரணம் என்று சொல்ல முடியுமா? மைக்ரேன் உள்ள மூளையின் அடிப்படைக் குணம், மாற்றத்தைத் தாங்காதது. தூக்கம், சாப்பாடு, வெளிச்சம், சூடு, குளிர், மாதவிலக்கின்போது ஹார்மோன் இறங்குவது என்று எதில் மாற்றம் வந்தாலும் ஒரு மூட்டை ஏறுகிறது. ஒன்று மட்டும் இருந்தால் வண்டி போய்விடும். அதனால்தான் "போன வாரம் தலைக்குக் குளிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்பதும் உண்மை, "இந்த வாரம் குளிச்சதும் வந்துடுச்சு" என்பதும் உண்மை.

இன்னொரு ருசிகரமான விஷயம். வலி வருவதற்கு ஒரு நாள் முன்பே மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் மாற்றம் தொடங்குகிறது. 2016-ல் ஜெர்மனியில் ஒரே ஒரு மைக்ரேன் நோயாளியை முப்பது நாள் தினமும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பசி, தாகம், தூக்கம், கொட்டாவியை எல்லாம் கவனிக்கிற பகுதி அது. ஆகவே "நேத்து இனிப்பு சாப்பிட்டேன், அதான் தலைவலி" என்பதுகூட சில நேரம் தலைகீழாக இருக்கலாம். தலைவலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால்தான் இனிப்பு மேல் ஆசையே வந்திருக்கலாம்.

பூ கனத்ததற்கும் விளக்கம் உண்டு. வலி நரம்புகள் நீண்ட நேரம் தூண்டப்பட்டால், வலிக்கக் கூடாததெல்லாம் வலியாகத் தெரிய ஆரம்பிக்கும். தலை சீவினால் வலி, கம்மல் கனம், தலையணை பட்டால் வலி. அம்மா மிகைப்படுத்தவில்லை. மல்லிகை அவருக்கு நிஜமாகவே கல்லாக இருந்தது.

பெட்டிக்கடை மாத்திரை

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம்.

வாரத்தில் ஒரு நாள் வந்த தலைவலி எப்போது தினசரித் தலைவலி ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. கவனிக்கவே இல்லை. அம்மாவின் முந்தானை முடிச்சில் சில்லறையோடு எப்போதும் இரண்டு மாத்திரை இருக்கும். பெட்டிக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைப்பது. வலி நிவாரணியும் காஃபீனும் கலந்த கூட்டு மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "போட்டாத்தான் வேலை ஓடும்" என்பார்.

2017 மார்கழியில் ஒரு நாள் அம்மா மயங்கி விழுந்தார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. நாலு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. சேலத்துக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. டாக்டர் கேட்டார்:

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைம்மா?"

"ரெண்டுதாங்க."

"எத்தனை வருசமா?"

அம்மா என்னைப் பார்த்தார். "இவன் பள்ளிக்கூடம் போறப்ப இருந்துங்க."

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

இதற்கு ‘மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலி’ என்று பெயர். சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் 2018 வகைப்பாட்டில் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ளவர் மூன்று மாதத்துக்கு மேல், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டால், மருந்தே தலைவலியை வளர்க்க ஆரம்பிக்கலாம். கூட்டு மாத்திரை, ட்ரிப்டான், அபின் வகை மருந்துகளுக்கு எல்லை இன்னும் குறைவு, மாதத்தில் 10 நாள். கவனியுங்கள், இது எத்தனை மாத்திரை என்ற கணக்கு இல்லை. எத்தனை நாள் என்ற கணக்கு.

ஏன் இப்படி? மூளையின் வலி அடக்கும் ஏற்பாடு, வெளியிலிருந்து தினமும் உதவி வந்தால் மெத்தனமாகிறது. மருந்து இறங்கும்போது வலி ஏறுகிறது. வலி ஏறியதால் மறுபடி மருந்து. முதுகு வலிக்கு அதே மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்கு, தலைவலி நோய் இல்லாவிட்டால், பெரும்பாலும் இது வருவதில்லை. மைக்ரேன் உள்ள தலைக்குத்தான் இந்தப் பொறி.

இதை மனவுறுதிக் குறைவு என்று யாரும் சொல்லாதீர்கள். அம்மாவைவிட மனவுறுதி உள்ள ஆளை நான் பார்த்ததில்லை. யாரும் அவருக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் குறை.

நரம்பியல் பக்கம்

புண் ஆறியபின் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கும் மறக்கவில்லை. "மாசத்துல எத்தனை நாள் தலைவலி?" என்று கேட்டார். அம்மா, "கடுமையா வர்றது அஞ்சாறு நாளுங்க" என்றார். அடுத்து கேட்டார்: "தலைவலியே இல்லாம, தலை லேசா இருக்கிற நாள் எத்தனை?"

அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். "அப்படி ஒரு நாள் ஞாபகம் இல்லீங்க."

இப்படி மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தலைவலி, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து, அதில் எட்டு நாளாவது மைக்ரேன் குணத்தோடு இருந்தால் அது நாள்பட்ட மைக்ரேன். இரண்டு பக்கமும் பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி, வாந்தியோ வெளிச்சக் கூச்சமோ பெரிதாக இல்லாமல் வந்தால் டென்ஷன் வகைத் தலைவலி. ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

மருந்து இரண்டு வகை. ஒன்று, வலி வரும்போது போடுவது. ஆரம்பித்ததுமே, சரியான அளவில், மாதத்தில் எண்ணிக்கையோடு. சாதாரண மாத்திரை கேட்காதவர்களுக்கு ட்ரிப்டான் உண்டு. இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு அது ஆகாது. இன்னொன்று, வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடுவது. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளுனரிசின் போன்றவை. எல்லாம் பழைய மருந்துகள், விலையும் அதிகமில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு ஒன்று ஆகாது, கர்ப்பமாகும் வயதுப் பெண்களுக்கு வேறு சில ஆகாது. அதனால் மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே இரண்டு தடை வரும். அமிட்ரிப்டிலின் சீட்டை மருந்துக்கடையில் நீட்டியதும் சொந்தக்காரப் பையன், "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதாச்சே" என்றான். அம்மா ஒரு வாரம் தொடவில்லை. மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். ஆனால் அதைவிடக் குறைந்த அளவில் வலிப் பாதையை அமைதிப்படுத்துகிறது. ரெண்டாவது தடை பொறுமை. தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே இரண்டு, மூன்று மாதம் வேண்டும். பத்தாம் நாள் "கேக்கல" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கூட்டு மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் கொடுமை. அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். நிறுத்தினால் முதலில் கூடும், பிறகுதான் குறையும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்காவிட்டால், நானே கடைக்கு ஓடியிருப்பேன்.

புது மருந்துகளின் கதையும் சுருக்கமாக. மைக்ரேன் நேரத்தில் ட்ரைஜெமினல் நரம்பு முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கை வெளிவிடுகின்றன. அதைக் கண்டுபிடித்து, அதை அடைத்தால் வலி அடங்கும் என்று நிறுவியதற்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் நால்வருக்கும் 2021-ல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த முதல் ஊசி, எரெனுமாப், 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல மருந்துதான். மாதத்துக்கு ஒரு ஊசி என்றாலும் தறி ஓட்டுகிறவர் கூலிக்கு எட்டாத விலை.

வீட்டு வைத்தியப் பக்கம்

நரம்பியல் சரி, பாட்டி வைத்தியம் தப்பு என்று முடித்துவிட மாட்டேன். படிக்கப் படிக்க அப்படித் தோன்றவும் இல்லை.

தைலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1893-ல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனம் தொடங்கிய காலத்திலிருந்து நம் அலமாரியில் இருக்கிறது. 1996-ல் ஜெர்மனியில் டென்ஷன் தலைவலி உள்ள 41 பேருக்கு நெற்றியிலும் பொட்டிலும் 10 சதவீதப் புதினா எண்ணெய்க் கரைசலைத் தடவிப் பார்த்தார்கள். பாராசிட்டமால் 1,000 மில்லிகிராமுக்குச் சமமாக வேலை செய்தது. புதினாவின் மென்தால் தோலில் இருக்கும் குளிர் உணர்வியைத் தொடுகிறது. சூட்டையும் குளிரையும் தோல் எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றாரே, அவர் ஆராய்ந்த அதே உணர்விதான். ஆக, தைலம் வெறும் மனத் திருப்தி இல்லை. ஆனா கண்ணில் படக்கூடாது, கைக்குழந்தை மூக்கருகில் தடவவே கூடாது.

சுக்கு? 2014-ல் ஈரானில் 100 பேரிடம் செய்த ஆய்வில், வந்த வலியைக் குறைப்பதில் இஞ்சிப் பொடி சுமட்ரிப்டானுக்கு இணையாக இருந்தது. பிரேசிலில் 107 பேருக்கு மூன்று மாதம் இஞ்சி கொடுத்து, வராமல் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட ஒன்றும் மேலாக இல்லை. அப்போ சுக்குக் காப்பி வந்த வலிக்கும் குமட்டலுக்கும் ஒத்தாசை. தடுப்பு மருந்து இல்லை.

யோகா பற்றி நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு உண்டு. தில்லி எய்ம்ஸில், விட்டு விட்டு வரும் மைக்ரேன் உள்ள 160 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மருந்து மட்டும். மறு பாதிக்கு மருந்தோடு யோகாவும். முதல் மாதம் ஆசிரியரோடு வாரம் மூன்று நாள், அடுத்த இரண்டு மாதம் வீட்டில் வாரம் ஐந்து நாள். முடித்தவர்கள் 114 பேர். 2020-ல் ‘நியூராலஜி’ இதழில் வந்த முடிவின்படி, மருந்து மட்டும் எடுத்தவர்களுக்குத் தலைவலி எண்ணிக்கை 12 சதவீதம் குறைந்தது. யோகாவும் செய்தவர்களுக்கு 48 சதவீதம். மாத்திரை எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதியானது. யார் யோகா செய்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியும், தலைவலியை அவர்களேதான் குறித்தார்கள் என்பதால் இந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் எடுக்க வேண்டும். ஆனாலும் சேர்த்துச் செய்ய இது போதுமான காரணம். முக்கியமான சொல், ‘மருந்தோடு’. மருந்துக்குப் பதிலாக இல்லை.

எதைத் தவிர்க்கலாம்? மூக்கில் ஏதோ சாற்றை விட்டு ‘நீர் எடுக்கிற’ வைத்தியம். எரிச்சலூட்டும் எதை மூக்கில் விட்டாலும் சவ்வு தன்னைக் காத்துக்கொள்ள நீரைச் சுரக்கும். கிண்ணம் கிண்ணமாக வருவது தலைக்குள் தேங்கியிருந்தது இல்லை, அப்போதே ஊறியது. அதேபோல் பேர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடி, உருண்டை. உள்ளே பாதரசமோ ஈயமோ ஸ்டீராய்டோ இருந்தால் நமக்குத் தெரிய வழியில்லை. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டுங்கள்.

இந்தத் தலைவலிக்கு வீட்டில் படுக்காதீர்கள்

மேலே சொன்னதெல்லாம் வருடக்கணக்கில் ஒரே மாதிரி வந்துபோகிற தலைவலிக்கு. கீழே உள்ளவை வேறு. உடனே மருத்துவமனை:

1. இடி விழுந்த மாதிரி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி.
2. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு.
3. கை கால் இழுப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்கல்.
4. கர்ப்பத்தின்போது, அல்லது பிரசவமான சில வாரங்களுக்குள் புதிதாக வரும் கடும் தலைவலி. மூளைச் சிரைக்குழாயில் ரத்தம் உறைவது நம் நாட்டில் பிள்ளை பெற்ற பெண்களிடம் அதிகம் பார்க்கப்படுகிறது. "பச்ச உடம்பு, நீர் கோத்திருக்கும்" என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள்.
5. ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாகத் தொடங்கும் தலைவலி.
6. தலையில் அடிபட்ட பின் வருவது, புற்றுநோய், எச்.ஐ.வி. உள்ளவருக்குப் புதிதாக வருவது.
7. படுத்தால் கூடுவது, இருமினால் கூடுவது, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போவது.

காலண்டர்

டாக்டர் நோட்டு ஒன்று போட்டு எழுதச் சொன்னார். அம்மாவுக்கு நோட்டெல்லாம் ஒத்துவரவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும்; பால் கணக்கு அதில்தான். அரை லிட்டருக்கு ஒரு கோடு. அதே கட்டத்தில் மூலையில் எழுதலாம் என்று முடிவு செய்தோம். கடும் தலைவலி என்றால் பெருக்கல் குறி. லேசான தலைவலி என்றால் புள்ளி. மாத்திரை போட்டால் வட்டம். ஒன்றும் இல்லாத நாள் காலிக் கட்டம்.

முதல் மாதம் காலிக் கட்டமே இல்லை. இரண்டாம் மாதம் மூன்று. நாலாம் மாதம் பதினொன்று. அந்த மாதக் காலண்டரை அம்மா கிழித்து எறியவில்லை, பீரோவில் வைத்திருக்கிறார்.

கர்நாடகத்தில் நகரம், கிராமம் இரண்டிலும் 18 முதல் 65 வயது வரை உள்ள 2,329 பேரைக் கேட்டுச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலில் ஒருவர். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், கிராமத்தில் நகரத்தைவிட அதிகம். அதாவது பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற பெண், இளம்பிள்ளையில் சேலை மடிக்கிற பெண், எங்கள் அம்மா. இவர்கள் யாரும் தலைவலிக்கென்று ஒரு நாள் லீவு எடுத்து டாக்டரிடம் போகிறவர்கள் இல்லை. பெட்டிக்கடை பக்கத்தில் இருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிற நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் ‘சைனஸ்’ என்றோ ‘நீர்’ என்றோ சொல்லிக்கொண்டு மாத்திரை போடுகிறவர் இருப்பார். "எத்தனை நாள் வலி?" என்று கேட்காதீர்கள்; குறைத்துத்தான் சொல்வார்கள். "தலை லேசா இருந்த நாள் எத்தனை? மாத்திரை போட்ட நாள் எத்தனை?" என்று கேளுங்கள். ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். வட்டங்கள் பத்தை நெருங்கினால் அந்தக் காலண்டரோடு டாக்டரிடம் போங்கள். ஸ்கேனைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

எனக்கு இப்போதும் வரும், மாதத்தில் இரண்டு. அம்மாவுக்கு மூன்று, நான்கு. முழுக்கப் போகவில்லை, போகாது என்றும் தெரியும். தலைக்குக் குளிப்பதை வியாழக்கிழமை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, காப்பி குடித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் குடையோடு கோயிலுக்குப் போகிறார். முதல் தடவை இட்லித் தட்டை நீட்டியபோது தயங்கினார். "விரதத்த விட்டா ஆத்தா கோவிச்சுக்குமோ?" என்றார். பக்கத்து வீட்டு அத்தைதான் பதில் சொன்னார்:

"ஆத்தாளுக்கு நீ தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா மட்டும் சந்தோசமா இருக்குமா? சாப்பிட்டுட்டுப் போ."